மாமா வைத்த எண்ணெய்ச் சட்டி

எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மாமா ஒரு சிறு மாத்துண்டைக் கிள்ளிச் சட்டிக்குள் போடுவார். அது அடியில் போய்க் கொஞ்சம் யோசிப்பதுபோலக் கிடந்துவிட்டு, சுற்றிவரக் குமிழி கட்டிக்கொண்டு மேலே எழும்பும். உடனே மாமா தலையை ஒருமுறை ஆட்டுவார். அதற்குப் பிறகுதான் முதல் பன்சரோத்தியைக் கையில் எடுப்பார். பாரிஸில், ஸ்டாலின்கிராட் மெத்ரோவுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக்கடையின் குசினியில், மார்கழி மாதம் வந்தால் நான் தவறாமல் பார்த்த காட்சி இது. கடையின் முன்பக்கத்தில் நின்று காசு வாங்குவதும் பெட்டி கட்டிக் கொடுப்பதும் என் வேலை. பின்பக்கம் மாமாவின் இராச்சியம். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அப்பா காலமான பிறகு எங்களுக்கென்று இந்த ஊரில் இருந்த ஒரே ஆண்துணையும் அவர்தான். அவரை அந்தக் கடையில் சேர்த்துவிட்டவள் நான் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

பன்சரோத்தி என்றதும் ஏதோ பெரிய விசயம் என்று பயப்பட வேண்டாம். எங்கள் பற்றிஸின் ஊதிப் பெருத்த சகோதரம் அது. ஈஸ்ற் போட்டுப் பொங்கவைத்த மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் கறியை வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தை இறுக்கி ஒட்டி எண்ணெயில் பொரிப்பது. கடைக்காரியை நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தெற்கு இத்தாலியில் கடற்கரையோரத்து ஊர்க்காரி. அந்தப் பக்கம் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய நாட்களில் வீட்டுக்கு வீடு இது பொரியுமாம். சாதாரண நாளில் உள்ளே தக்காளியும் வெள்ளைச் சீஸும். நத்தாருக்கு முதல்நாள் அவர்கள் இறைச்சி தொடுவதில்லை என்பதால், வெங்காயத்தைக் கருகாமல் நெடுநேரம் வதக்கி, கறுத்த ஒலிவ் காயும் உப்பில் ஊறிய நெத்தலியும் சேர்ப்பார்கள். மாமா முதல் தடவை அந்த நெத்தலிப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, நாங்கள் வெயிலில் காயப்போட்டதை இந்தச் சனம் உப்புக்குள் புதைத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். ஓரத்தை ஒட்டுவதற்கு அவர் முள்ளுக்கரண்டியை எடுத்தபோது மதாம் அதைப் பறித்துத் தொட்டிக்குள் எறிந்தார். விரலால்தான் மடிக்க வேண்டுமாம். மாமா பேசாமல் சோமாசி மடிப்புப் போட்டுக் காட்டினார். மதாம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து அந்த வேலையை அவரிடமே விட்டுவிட்டார்.

ஊரில் சண்டை திரும்பத் தொடங்கிய காலத்தில் மாமா இங்கே வந்து சேர்ந்தார். மாமியையும் மகளையும் கிளிநொச்சியில் விட்டுவிட்டுத்தான் வந்தார். வதிவிடக் கார்ட் கிடைத்ததும் கூப்பிடுவதுதான் திட்டம். இங்கே வந்த எத்தனையோ பேருடைய திட்டமும் அதுதான். கார்ட் கிடைத்தது. அதற்குள் அங்கே பாதைகள் மூடிவிட்டன. மாமியும் மகளும் சனத்தோடு சனமாகக் கிழக்கே கடற்கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனார்கள். 2009 மாசி மாதத்தில் யாரோ ஒருவருடைய சற்றலைற் போனில் இருந்து மாமி கடைசியாகக் கதைத்தார். பிள்ளை நித்திரை, எழுப்பிவிடவோ என்று கேட்டாராம். வேண்டாம், படுக்கட்டும் என்று மாமா சொன்னாராம். இதை அவர் எனக்கு ஒரேயொரு தடவைதான் சொன்னார். வெங்காயம் அரிந்துகொண்டு நின்ற நேரத்தில் சொன்னதால் அவர் அழுதாரா என்று என்னால் சொல்ல முடியாது.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. எங்கள் சனம் கூடுகிற லா சப்பலில் அந்த நாட்களில் யாரும் யாரையும் சுகம் விசாரிக்கவில்லை. முகாம்களில் இருந்து பெயர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. மாமியின் பெயர் வரவில்லை. இரண்டு பேர் இரண்டு கதை சொன்னார்கள். மாமியின் அயலில் இருந்த ஒரு பெண், கடைசி நாட்களில் கடலேரித் தண்ணீரைக் கடந்து இராணுவப் பக்கம் போன வரிசையில் மாமி பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றதைத் தன் கண்ணால் கண்டேன் என்றார். இன்னொருவர், அதற்கு முந்திய கிழமையே அவர்கள் இருந்த பங்கருக்கு மேல் செல் விழுந்துவிட்டது, யாரும் வெளியே வரவில்லை என்றார். மாமா முதலாவதை நம்பினார். அம்மா இரண்டாவதை நம்பினார். எனக்கு இரண்டையும் நம்பப் பயமாக இருந்தது. கடையில் நின்றால் மாமா பக்கம், வீட்டுக்கு வந்தால் அம்மா பக்கம் என்று நான் நாட்களைக் கடத்தினேன்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. எங்கள் சனத்தில், இழவு விழுந்த வீட்டில் ஆண்டுத் திவசம் முடியும்வரை பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. தீபாவளி வந்தாலும் வருசப்பிறப்பு வந்தாலும் அடுப்பில் சோறு கறிதான். நல்லநாளில் அந்த வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுப் படி ஏறுவதும் இல்லை. கட்டிக்கொடுத்த சகோதரியோ அயலவரோ தங்கள் வீட்டில் சுட்டதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதிகம் கதைக்காமல் திரும்பி வருவார்கள். யார் வீட்டில் இருந்து யார் வீட்டுக்குப் பலகாரம் போகிறது என்று பார்த்தாலே போதும், எங்கே என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருசத் தீபாவளிக்கு அம்மா மாமாவைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. பாரிஸுக்கு வந்த நாளில் இருந்து நல்லநாள் பெருநாளுக்கு மாமாவுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்த முறை அம்மா வடை, முறுக்கு, பயற்றம் உருண்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் அடுக்கி, தம்பியிடம் கொடுத்துவிட்டு உடனே திரும்பி வா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று என்னை அனுப்பினார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது அம்மாவின் நெடுநாள் முறைப்பாடு. மாமாவின் அறை ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவர் முழுகி, திருநீறு பூசி, ஸ்திரிபோட்ட சேர்ட்டுடன் நின்றார். கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் பெட்டியை நீட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாக அவருக்கு விளங்குவது முகத்தில் தெரிந்தது. மூடியைத் திரும்பவும் இறுக்கி என் கையில் வைத்தார்.

"எங்கடை வீட்டிலை செத்தவீடு நடந்ததெண்டு அக்காவுக்கு ஆர் சொன்னது?"

நான் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். கவலை வந்தாலும் கோபம் வந்தாலும் எனக்குப் பசிக்கும். இது ஒரு கெட்ட சுபாவம். மெத்ரோப் பாலத்துக்குக் கீழே ஒரு சீமெந்துக் கட்டின்மேல் குந்தியிருந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்குப் போய் மிச்சத்தை அம்மாவிடம் கொடுத்தபோது அவர் ஏன் எதற்கு என்று ஒரு சொல் கேட்கவில்லை. அந்தப் பெட்டியைக் கொட்டவும் மனமில்லாமல், தின்னவும் மனமில்லாமல் கிழமைக்கணக்கில் அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார்.

பிறகு மார்கழி வந்தது. கடையில் பன்சரோத்திக்குச் சொல்லிவைப்பவர்கள் வரத் தொடங்கினார்கள். மதாமுக்கு மாமாவின் வீட்டு நிலைமை தெரியும். நானும் மாமாவும் வேலைக்குப் போகாத ஒருநாள் அம்மா கடைக்கு வந்து, அரைகுறை பிரெஞ்சிலும் கைச்சாடையிலும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மதாம் நல்ல மனுசி. பொரிக்கத் தொடங்க வேண்டிய நாள் காலையில் எண்ணெய்ச் சட்டியை எடுக்கப்போன மாமாவை மறித்து, என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, தான் சொல்வதை அப்படியே தமிழில் சொல்லச் சொன்னார். தங்கள் ஊரிலும் சாவு நடந்த வீட்டில் நத்தாருக்கு எண்ணெய் கொதிப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதனால் இந்த வருசம் நீ இந்த வேலையைத் தொட வேண்டாம், மரக்கறியைப் பார்த்துக்கொள், நானே பொரிக்கிறேன் என்றார். சொல்லிவிட்டு மாமாவின் தோளில் கையை வைத்தார். எத்தனையோ கடல் தள்ளி இருக்கிற இரண்டு சனத்துக்கு ஒரே வழக்கம் இருக்கிறது என்று இன்னொரு நாளாக இருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து எங்கேயாவது ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் சொன்னேன். ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன்.

மாமா முழுவதையும் கேட்டார். தோளில் இருந்த கையை மரியாதையாக எடுத்து விட்டார்.

"மதாமிட்டைச் சொல்லு பிள்ளை. அவ நல்ல மனதோடைதான் சொல்லுறா, எனக்கு விளங்குது. ஆனா என்ரை வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லை. நான் இண்டைக்குச் சட்டி வைக்காட்டி, அவையளை நானே சாக்காட்டின மாதிரி."

இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. ஏதோ சொன்னேன். மதாம் பெரிய சட்டியைத் தானே தூக்கி அடுப்பில் வைத்து, எண்ணெய்ப் போத்தலை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். அன்று மாமா பொரித்தவற்றில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. சீஸில் தண்ணீர் வடியாமல் இருந்தாலோ, ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டாலோ சட்டிக்குள் போனதும் அது வெடித்து எண்ணெய் முழுக்க நாறிப்போகும். எங்களுக்கெல்லாம் அது சாதாரணமாக நடப்பதுதான். வெடித்தவற்றை நாங்களே தின்போம். அந்த மார்கழியில் எங்களுக்குத் தின்ன எதுவும் கிடைக்கவில்லை. அப்படி இறுக்கி இறுக்கி ஓரம் மடித்தார்.

நத்தாருக்கு முதல்நாள் வேலை முடிந்ததும் தான் காசு கொடுத்து வாங்கிய பன்சரோத்திகளைக் கடதாசிப் பைகளில் போட்டுக்கொண்டு லா சப்பலில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போனார். முதலில் போனது எங்கள் வீட்டுக்குத்தான். அம்மா கதவைத் திறந்தார். தீபாவளிக்குப் பிறகு அக்காவும் தம்பியும் முகம் பார்த்தது அன்றைக்குத்தான். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பையை மேசையில் வைத்து, சூடாய் இருக்கேக்கை சாப்பிடுங்கோ என்று மட்டும் சொன்னார். தான் பலகாரம் கொடுக்கிறவரே தவிர வாங்குகிறவர் இல்லை என்று சொல்ல வந்திருக்கிறார் என்பது அம்மாவுக்கு விளங்காமல் இருக்குமா? வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்துவிட்டு, விசரன், விசரன் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். மற்றப் பாதியையும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியும் அப்படியே போனது. எங்கள் சனம் அதற்கு இத்தாலிப் பற்றிஸ் என்று பெயர் வைத்து, மதாமின் கடைக்குத் தேடி வந்து வாங்கத் தொடங்கியது. மாமா இந்த ஊரில் ஒரு முசுப்பாத்தியான மனிதர் என்று பெயரெடுத்தவர். தெரியாத ஆட்களோடும் ரூ பெர்தொனேச் சந்தியில் நின்று பகிடி விடுவார். ஆனால் மாமியைப் பற்றி யாராவது "இருந்தவ" என்று கதைத்தால், அந்த இடத்திலேயே பேச்சை விட்டுவிட்டு நடப்பார். இன்னொரு கலியாணம் கட்டச் சொன்னவர்களுக்கு, பிரான்சில் இரண்டு பெண்சாதி வைத்தால் மறியலில் போடுவார்கள் என்பார். சொன்னவர்கள் சிரிப்பார்கள். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

அம்மாவும் தன் பக்கத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. செத்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் அவர்கள் தாகத்தோடு அலைவார்கள் என்பது அம்மாவின் நம்பிக்கை. நாளும் தெரியாது, திதியும் தெரியாது. அதனால் ஒவ்வொரு வருசமும் வைகாசி அமாவாசையில், மாமாவுக்குத் தெரியாமல், வீட்டில் சமைத்து வாழையிலையில் படைப்பார். ஒரு வருசம் அந்த நாளில் மாமா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். சாமியறை என்று எங்களுக்குத் தனியாக ஒன்றும் இல்லை. வரவேற்பறையின் மூலையில்தான் எல்லாம். மாமா உள்ளே வந்ததும் படையலைப் பார்த்தார். ஆருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கும் அப்புவுக்கும் என்றார் அம்மா. தங்கள் தாய் தகப்பனுக்கு என்று அர்த்தம். மாமா நம்பியிருப்பார். ஆனால் பெரிய இலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இலை இருந்தது. அதில் உறைப்பில்லாத கறியும், கொஞ்சம் பால்சோறும், ஒரு சொக்கிளேற்றும் இருந்தன. மாமா குனிந்து அந்தச் சின்ன இலையைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா கத்துவார் என்று நான் நினைத்தேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவள் பால்சோறு தின்னமாட்டாள் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அந்த வருச மார்கழி வரும்வரை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. மார்கழியில் கடதாசிப் பையோடு வழமைபோல வந்து நின்றார்.

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரும். வந்த வேகத்தில் இரண்டு பேர் மேலும் இரக்கம் வரும். அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் மாமியைச் சாகக் கொடுத்ததே அன்பினால்தான். பட்டினியும் பயமுமாக எங்கேயோ ஒரு முகாமிலோ காட்டிலோ அலைகிறார்கள் என்று நினைப்பதைவிட, ஒரே நொடியில் போய்விட்டார்கள் என்று நினைப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது. மாமாவுக்கோ அது ஒன்றைத் தவிர வேறு எதையும் தாங்கலாம்போல இருந்தது. இதில் யார் சரி என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

மாமாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு மார்கழியிலும் கடைசி மாவில், மகளுக்கென்று ஒன்று செய்வார். முதல் வருசம் அது உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. நெத்தலி போடவில்லை, பிள்ளைக்கு மீன் முள் பயமாம். பொரித்து எடுத்து, ஆறவைத்து, தங்கச்சிக்காக நீ சாப்பிடு என்று என்னிடம் தருவார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் துண்டை அவர் பார்த்துக்கொண்டு நிற்கச் சாப்பிட்டு முடிப்பேன். வருசம் போகப் போக அது பெருத்துக்கொண்டு வந்தது. ஒரு மார்கழியில் மற்றவற்றின் அளவுக்கே வந்துவிட்டது. அதில் நெத்தலியும் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். "வளர்ந்திட்டாள் எல்லோ, இப்ப மீன் எல்லாம் தின்பாள்" என்றார். எனக்கு அன்றைக்கு வந்த அழுகையை அடக்க முன்பக்கம் ஓடிப்போய், வந்து நின்ற ஒருவருக்குத் தேவையில்லாமல் சத்தமாக போன்ஜூர் சொன்னேன்.

2019 மார்கழியில், பன்சரோத்தி வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த கிழமையில், மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. காலையில் மா குழைத்து மூடிவைத்துவிட்டு, கை உளைகிறது என்று கதிரையில் இருந்தவர்தான். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விட முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. கடைக்கு வந்து மதாமிடம் சொன்னேன். வயது போய்த் தடியூன்றத் தொடங்கியிருந்த அந்த மனுசி எழுந்துபோய், காய்ந்துகொண்டிருந்த எண்ணெய்க்குக் கீழே அடுப்பை அணைத்தார். இன்றைக்கு இந்த வீட்டில் எண்ணெய் கொதிக்காது என்றார். சொல்லிவைத்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார். பத்து வருசமாக மாமா வேண்டாம் என்று தள்ளிவைத்த மரியாதையை அன்றைக்கு அவருக்கே செய்தார். பொங்கிய மா பாத்திரத்து மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது. அதை யார் எடுத்துக் கொட்டினார்கள் என்று தெரியாது. நான் பார்க்க விரும்பவில்லை.

மரண அறிவித்தல் எழுத நானும் அம்மாவும் ரூ பெர்தொனேயில் இருந்த அச்சுக்கடைக்குப் போனோம். எங்கள் சனத்து அறிவித்தல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். செத்தவரைப் பற்றி எழுதுவதைவிடச் சொந்தக்காரரைப் பற்றித்தான் அதிகம் எழுதுவார்கள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை. அந்த இன்னார் முன்னமே போய்விட்டவர் என்றால் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று ஒரு சொல் வரும். கடைக்காரர் கணினியில் தட்டிக்கொண்டு வந்தார். தாய் தகப்பனுக்குக் காலஞ்சென்ற போட்டாயிற்று. மாமியின் பெயரைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தார். இவவுக்கு முன்னால் என்ன போடுவது என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். ஒன்றும் போட வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுக்க, அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"காலஞ்சென்ற எண்டு போடு தம்பி. இவ்வளவு நாளும் அவன் இருந்தவன், அவனுக்காக நானும் பேசாமல் இருந்தன். இனி அதைப் போடாட்டி, இண்டையிலை இருந்து அவள் தாலியறுத்தவள். அவள் பூவோடையும் பொட்டோடையும் போனவளாய் இருக்கட்டும். நான் பட்டது காணும்."

அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து அம்மாவின் தாலியைக் கழற்றியதைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். மாமா உயிரோடு இருந்தவரை மாமி இருக்கிறார் என்று சொன்னது மாமியை வாழவைத்தது. மாமா போன பிறகு அதே சொல் அவரை விதவையாக்கிவிடும். இந்தக் கணக்கை அம்மா ஆஸ்பத்திரியிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார். நான் யோசிக்கவே இல்லை. கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூத்தவர் சொன்னபடி காலஞ்சென்ற என்று தட்டினார். அடுத்த வரிக்கு வந்தார். மகளின் பெயரைக் கேட்டார். சொன்னேன். தட்டினார். கேட்பதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். திரையைப் பார்த்தபடியே, பிள்ளைக்கும் அப்படியே போடவோ என்றார்.

அம்மா வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். ஒவ்வொரு வைகாசியிலும் தன் கையால் அந்தப் பிள்ளைக்குச் சின்ன இலை போட்டவர், யாரும் பார்க்காமல் பால்சோறு படைத்தவர், அந்த ஒரு சொல்லை ஓர் அந்நியருக்கு முன்னால் சொல்ல மாட்டாமல் இருந்தார். கடைக்காரர் காத்திருந்தார். வெளியே யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"பிள்ளைக்குப் போடாதை."

பிறகு மாமியின் பெயர் இருந்த வரியைக் கையால் காட்டினார்.

"தாய்க்குப் போட்டதையும் எடு. பிள்ளையைத் தனிய விடேலாது."

கடைக்காரர் அந்தச் சொல்லை அழித்தார். மாமியின் பெயரும் மகளின் பெயரும் அடுத்தடுத்த வரிகளில் வெறுமனே நின்றன. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரியையும் வாசித்துப் பார்த்தார். எழுத்து சரி என்றார்.

இப்போது அந்த இத்தாலியக் கடை இல்லை. மதாம் அதை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கிறார். அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். லா சப்பலில் கடைகள் மாறுகின்றன, கடைக் கண்ணாடிகளில் அறிவித்தல்களும் மாறுகின்றன. ஒன்றுக்கு மேல் ஒன்று ஒட்டி, கீழே இருந்தவர்கள் மறைந்து போகிறார்கள். அவற்றை வாசிக்காமல் கடந்துபோக எனக்கு இன்னும் பழகவில்லை. அந்த மார்கழியில் மாமாவுடையது ஒரு பலசரக்குக் கடையின் வாசல் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்தது. மறுநாள் செத்தவீடு என்றிருக்க, அதற்கு வேண்டிய சாமான்கள் வாங்க அம்மாவோடு அங்கே போனேன். அம்மா உள்ளே போகாமல் அறிவித்தலுக்கு முன்னால் நின்றுவிட்டார். மரக்கறிப் பையோடு வந்த ஒரு பெண்ணும் நின்று வாசித்தார். எங்களுக்குத் தெரியாத ஆள். வயதைப் பார்த்துச் சின்னச் சத்தமாக அச்சச்சோ என்றார். உங்களுக்குச் சொந்தமோ என்று அம்மாவைக் கேட்டார். என் தம்பி என்றார் அம்மா. அந்தப் பெண் இன்னும் ஒருமுறை கீழ்வரிகளை வாசித்தார். பெண்சாதியும் மகளும் ஊரிலோ, செத்தவீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்களோ என்று கேட்டார். நான் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தேன். அம்மா அசையவில்லை.

"விசா குடுக்கேல்லை தங்கச்சி," என்றார். "பிள்ளைக்கு இந்த மாசம் பள்ளிக்கூடத்திலை ஓ.எல் சோதினையும் நடக்குது."